மூன்று தட்டு

படகு ஐம்பது டாலர், டிரெய்லர் நூற்றைம்பது
என்றாள் செத்துப்போனவரின் மகள்.
"படகு ஓட்டை. டிரெய்லர் எப்படியும் உருளும்."
உருளவில்லை.
வீட்டுக்குப் பாதி வழியில் இடது சக்கரம் புகைந்தது.
பேரிங் மூடியைக் கழற்றினால்
கிரீஸ் இருக்கவேண்டிய இடத்தில்
காப்பிப்பொடி போலத் துரு.

வடக்கு மினசோட்டாவில் ஏப்ரல் என்பது
காலண்டரில் மட்டும் வசந்தம்.
ஏரி இன்னும் கட்டியாய்க் கிடந்தது.
பள்ளிப் பேருந்தைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு
தினம் இரண்டு மணிநேரம் கொட்டகையில்.
பதினான்கு அடி அலுமினியம்,
என்னைவிட ஒரு வயது மூத்தது.
துருப்பிடிக்காது, ஆனால்
ஆணி ஓரங்களில் வெள்ளை மாவு பூத்திருந்தது.
ப்ளைவுட் தரையை நெம்பினேன்,
ஊறிய ரொட்டி போலப் பிய்ந்து வந்தது.
அதற்கும் அடியில்
மிதப்பதற்கென்றே அடைத்த நுரைப்பஞ்சு
முப்பது வருடம் தண்ணீர் குடித்துக் கனத்திருந்தது.
சும்மா தெரிந்துகொள்ளலாமே என்று எடை போட்டேன்.
நூற்றுப் பத்து பவுண்டு.
மிதவையாம்.
அதற்குள் ஒரு குழந்தையின் கையுறை.
இடது கை.
அதைக் காயவைத்தேன், ஏன் என்று கேட்காதீர்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க
படகைத் தண்ணீரில் விடக்கூடாது,
தண்ணீரைப் படகில் விடவேண்டும்.
மே முதல் வாரம், தோட்டக் குழாயால்
நான்கு அங்குலம் நிரப்பிவிட்டு
டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து படுத்தேன்
கையில் சாக்பீஸோடு.
முதல் சொட்டு நெற்றியில்.
அப்புறம் கணக்கில்லை,
கணக்கு எடுத்தேன், நாற்பத்தொரு வட்டம்.

ரிவெட் அடிக்க ஒரு ஆள் போதாது.
வெளியே ஒருவர் துப்பாக்கியால் அடிக்க
உள்ளே ஒருவர் இரும்புக்கட்டியை முட்டுக்கொடுக்கவேண்டும்.
நடுவில் தகடு.
ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.
இந்தக் கரையில் அந்த வேலை தெரிந்தவர் ஒருவர்தான்,
விமானக் கொட்டகையில் இருபது வருடம்
இறக்கைகளைப் பழுதுபார்த்த
ஓர்வோ நிஸ்கனென்.
என்மேல் வழக்குப் போட்டிருப்பவர்.
என் படித்துறையின் கடைசிக் கால்
அவர் எல்லைக்குள் ஒன்பது அங்குலம் நிற்கிறதாம்.
இரண்டு கோடையாய் எங்களுக்குள் பேச்சு
பதிவுத் தபாலில், வக்கீல் பாஷையில்.

போய்க் கதவைத் தட்டினேன்.
நான் வாயைத் திறப்பதற்குள்
"எந்த அளவு ரிவெட்?" என்றார்.
எழுபத்திரண்டு வயது உடம்பை
படகுக்குள் மடக்கி வைத்துக்கொண்டு
விதியைச் சொன்னார்:
"உள்ளேயிருந்து ஒரு தட்டு, சரி.
இரண்டு, இன்னும் அடி.
மூன்று, கெட்டது, பிடுங்கு."

அதற்குமேல் நான்கு நாள்
நாங்கள் வேறு எதுவும் பேசவில்லை.
என் அடி. அவர் தட்டு.
என் அடி. இரண்டு தட்டு. என் அடி.
ஒரு தகடு தூரத்தில் அவர் மூச்சு
சில சமயம் கேட்கும்,
சில சமயம் இருமல்.
இருபத்து மூன்றாவதில் என் கை வழுக்கியது.
மூன்று தட்டு.
திட்டுவதைவிட மோசமாயிருந்தது.
துளையிட்டுப் பிடுங்கி மறுபடி அடித்தேன்.
வெகுநேரம் சத்தமே இல்லை.
விரலால் தடவிப் பார்க்கிறார் போல.
அப்புறம், ஒன்று.

ஜூனில் இறக்கினோம்.
போகிற வழியெல்லாம் பிரேக் பிடித்தால்
டிரெய்லரின் விளக்கு
வலப்பக்கம் திரும்புகிறேன் என்று பொய் சொன்னது.
எர்த் கம்பி. அடுத்த வாரம் பார்க்கலாம்.
படகு மிதந்தது.
எங்கோ ஒரு ரிவெட் மட்டும்
மணிக்கு ஒரு கோப்பை உள்ளே விடுகிறது,
பரவாயில்லை, கோப்பை இருக்கிறது.

ஓர்வோ முன்பலகையில் உட்கார்ந்து
என் படித்துறையை வெகுநேரம் பார்த்தார்,
ஒரு கண்ணை மூடிக்கொண்டு.
"தண்ணீரிலிருந்து பார்த்தால், மார்லிஸ்,
ஒன்பதேகால்."
பிறகு முட்டியை மடக்கி
படகின் விளிம்பில்
தட்டினார். மூன்று.

காதில் விழாதவள் மாதிரி
மோட்டார் கயிற்றை இழுத்தேன்.
நாலாவது இழுப்பில் பிடித்தது.