இடது செருப்பு

ஐப்பசி பிறக்க இன்னும் ஒன்பது நாள்.
அப்புத்தளைப் பக்கம் வானம்
இப்போதே புழுங்கத் தொடங்கிவிட்டது.
கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு
ஸ்டோர் காவல்காரர் சவரிமுத்துவிடம்
ஏணி இரவல் கேட்டேன்.
"விழுந்தா தோட்டம் பொறுப்பில்ல."
விழாமல் இருந்தாலும் இல்லைதானே என்றேன்.

மேலே ஏறினால்தான் தெரிகிறது
பன்னிரண்டு காம்பராவுக்கும் ஒரே தகரம்.
கீழே சுவர் வைத்து நடக்கும் சண்டைக்கு
மேலே கோடு ஒன்றும் இல்லை.

பழைய ஆணித் துளைகளை எண்ணினேன்.
முப்பத்தொன்றில் விட்டேன்.
ஒவ்வொன்றுக்கும் நேர் கீழே
ஒரு சட்டி, ஒரு வாளி,
ஒரு தடவை பிரவீணாவின் கணக்குக் கொப்பி.

ஆபீசில் கடிதம் கொடுத்து
இரண்டு மழைக்காலம் போயிற்று.
வீடு கம்பெனியுடையது,
நீங்களாகக் கை வைக்கக் கூடாது
என்கிறார் கிளாக்கர் ஐயா.
சரி.
வீடு அவர்களுடையது.
ஒழுக்கு எங்களுடையது.

ஆணிக்கு அடியில் ரப்பர் வேண்டும்.
இல்லாவிட்டால் ஆணியே
தண்ணீருக்கு வழி காட்டும்.
காலில் கிடந்த இடது செருப்பைக் கழற்றி
வட்டம் வட்டமாகக் கத்தரித்தேன்.
குதிகால் தேய்ந்த இடம் உதவவில்லை.
மற்றதில் பத்தொன்பது தேறியது.

பக்கத்துக் காம்பரா அழகுராசாவோடு
தைப்பொங்கலுக்குப் பிறகு பேச்சில்லை.
கான் யார் வெட்டுவது என்று வந்த பேச்சு அது.
அவர் தகரம் என் தகரத்தின் மேல் ஏறிக் கிடக்கிறது,
ஆணி இரண்டையும் துளைத்தே ஆக வேண்டும்.
அடித்தேன். உளுத்த சட்டம் துள்ளியது.
மறுபடி அடித்தேன், மறுபடி துள்ளியது.
மூன்றாவது அடியில் திடீரென்று பிடித்தது ஆணி.
கீழிருந்து யாரோ
பலகை வைத்து முட்டுக் கொடுக்கிறார்கள்.
"அடி" என்றது தகரத்துக்கு அடியில் ஒரு குரல்.
ஒன்பது ஆணிக்கு ஒன்பது "அடி".
வேறு வார்த்தை இல்லை.

மறுநாள் கானைப் பாதி வெட்டியிருந்தார்,
அளந்தது போல நடுச்சுவர் வரைக்கும்.
மீதியில் இறங்கி நான் வெட்டினேன்.
யோகட் கோப்பை, சாணி, யாரோ தொலைத்த கரண்டி.

தகரத்துக்குச் சரி.
அடுப்படிக்குப் பின்னால் நிற்கும் மண்மேட்டுக்கு
எந்தச் செருப்பை வெட்டுவது?
சுவர் வெடிப்பின் குறுக்கே பென்சிலால் கோடு போட்டு
பக்கத்தில் திகதி எழுதினேன்.
கோடு அறுந்து விலகினால்
கொப்பி தேடாதே, என்னைத் தேடாதே,
கோயில் மேட்டுக்கு ஓடு
என்று பிரவீணாவிடம் சொன்னேன்.
அவள் கோட்டுக்குப் பக்கத்தில்
சின்னதாக ஒரு பூ வரைந்து வைத்தாள்.

கதவோரம் பை:
பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, கிளினிக் கார்ட்,
பொலித்தீனில் சுற்றிய நெருப்புப்பெட்டி.
பைக்குப் பக்கத்தில் வலது செருப்பு
தனியாக.

பதினோராம் நாள் ராத்திரி இறங்கியது மழை.
தகரம் முழுக்க ஒரே இரைச்சல்.
டோர்ச்சோடு மூன்று தடவை எழும்பிக் கோட்டைப் பார்த்தேன்.
பூ முழுசாக இருந்தது.
ஒழுகியது இரண்டே இடம்,
இரண்டும் எனக்குத் தெரிந்த இடம்.

விடியக் கதவைத் திறந்தால்
இஸ்தோப்பில் ஒரு இடது செருப்பு.
ஆம்பிளை அளவு, நீல வார்,
என் காலுக்கு இரண்டு விரல் பெரிது.
அந்தப் பக்கக் கதவு சாத்தியிருந்தது.
அண்ணாந்து பார்த்தேன்.
அவர் கூரை ஆணிகளுக்கு அடியில்
நீல நீல வட்டம்.

கொண்டுவந்து பைக்குப் பக்கத்தில் வைத்தேன்,
இடது வலது பார்த்து,
முனை வாசலைப் பார்க்க.