ஓடைக்கு இறங்கும் வழி

மிசோரியில் ஏவா ஊருக்கு வடக்கே
லொரெட்டாவின் லாயம். மார்ச் மாதக் குளிர்.
என் தொடைகளுக்கிடையே ஒரு பின்னங்கால்,
பல்லிடுக்கில் ஆறு லாட ஆணி.

ஒரே தாய், ஒரே பொலிகுதிரை,
ஈராண்டு இடைவெளியில் இரண்டு பெட்டைகள்.
பிடரிமயிர் பிடுங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினாள்.
வந்த தாள் இரண்டுக்கும் ஒன்றே சொன்னது:
நடை உண்டு, தாய்வழியும் தந்தைவழியும் உண்டு.

மூத்தது இந்தச் சரிவில் வளர்ந்தது,
தண்ணீருக்குக் கல்லில் இறங்கி, கல்லில் ஏறி.
அதன் குளம்பில் தக திமி, தக திமி;
மேலே இருப்பவர் கைக் காப்பி தளும்பாது.
இளையது டல்சாவில், மணல் வட்டத்தில்.
வலப்பக்கம் மொத்தமாக, இடப்பக்கம் மொத்தமாக
ஓடம்போல் ஆடுகிறது.

"ரத்தம் என்னை ஏமாற்றிவிட்டது" என்கிறாள் லொரெட்டா.
வாயில் ஆணி. நான் பதில் சொல்லவில்லை.

குளம்பின் முனையை அரத்தால் கொஞ்சம் குறைத்து
கயிற்றைப் பிடித்து ஓடைக்கு இறக்கினேன்.
ஈரச் சரளையில் அது தலையைத் தாழ்த்தி
ஒவ்வொரு காலையும் தரையிடம் கேட்டு வைத்தது.
ஒன்று.
இரண்டு. மூன்று.
நான்காவதை எண்ணவில்லை, என் பூட்ஸ் வழுக்கிவிட்டது.

புரவிக்குக் கதி ஐந்து என்பார்கள்.
இது அதில் இல்லை.

லாயத்துச் சிமெண்ட் தரை வந்ததும் பழைய ஓடம்.
லொரெட்டா கதவில் சாய்ந்து நின்றாள்.
"வெள்ளிக்கிழமை வாங்குபவர் வருகிறார்" என்றாள்.
பிறகு, காசை எண்ணிக்கொண்டே,
"எந்த வழியாகக் கூட்டிப்போனாய்?"