ஒரே பூச்சு

செவ்வாய்க்கிழமை புள்ளி போட வருகிறார்களாம்.
சனிக்கிழமையே வந்திறங்கியது பெயின்ற்,
இருபது வாளி,
மூடியில் "முட்டைக்கோது வெள்ளை" என்று எழுதி.
மணிக்குப் பதினெட்டு டொலர், காசாகக் கையில்.
"நீ இங்கேயே குடியிருக்கிறாய் நேசன்,
பஸ் காசு மிச்சம்" என்றான்
கட்டடப் பொறுப்பாளன் ராம்தீன்.

ஸ்காபரோவில், மார்க்கம் வீதியில் பதினாலு மாடி.
நகரசபையின் வீடு.
பராமரிக்க ஒரு நிறுவனம்,
நிறுவனத்தைப் பார்க்க ஓர் ஆணையம்,
ஆணையத்தை ஆர் பார்க்கிறார்களோ தெரியாது.
போனமுறை நூற்றுக்கு ஐம்பத்தெட்டு.
இன்னும் இறங்கினால்
மூலை முடுக்கெல்லாம் கிண்டுவார்களாம்,
தண்டம் விழுமாம்.

பதினோராம் மாடி,
1107க்கு முன்னால் கூரையில் ஒரு கறை.
எனக்கு அதைப் பிறந்த நாளிலிருந்து தெரியும்.
மேல்மாடிக் குளியலறையிலிருந்து ஊறி
தேயிலைச் சாயம் போலத் தொடங்கி
இரண்டு மாரியில் எருமைத் தலையளவு வளர்ந்தது.
1107இல் இருப்பவள் ஹோதன், சோமாலியாக்காரி.
அதற்குக் கீழே அவள் வைக்கும் வாளியை
எத்தனையோ இரவு நானும் கொண்டுபோய் ஊற்றியிருக்கிறேன்.

கறைக்கு முதலில் தடைப்பூச்சு அடிக்கவேணும்.
மூக்கைக் குத்தும், காய நேரமெடுக்கும், விலையும் கூட.
அடிக்காவிட்டால்
எத்தனை வெள்ளைக்குக் கீழேயும் பொறுத்துக் கிடந்து
ஒரு நாள் எழும்பி வரும்.
ராம்தீனிடம் சொன்னேன்.
"ஒரே பூச்சு. செவ்வாய் பின்னேரம்வரை நின்றால் போதும்."
அவனில் பிழை சொல்லேன்.
அவனுக்கு மேலேயும் ஒரு குளியலறை ஒழுகுகிறது.

ஏணியில் நின்றபோதுதான் அந்த எண்ணம் வந்தது.
கறை இருந்த இடத்துக்கு மட்டும்
பெயின்றில் ஒரு கோப்பைத் தண்ணீர் கலந்தேன்.
பால்காரன் புத்தி.
சனி, ஞாயிறு, திங்கள் என்று விரல் மடித்தேன்.
செவ்வாய் காலை பத்து மணிக்கு
அது தன் வாயாலேயே சொல்லட்டும்.

வந்தவள் சின்னப் பெட்டை.
சப்பாத்தில் பனி, கையில் கண்ணாடிப் பலகை.
விளக்கு: மூன்றுக்கு மூன்று.
குப்பை அறை: மூன்றுக்கு இரண்டு.
1107க்கு முன்னால் நின்று அண்ணாந்தாள்.
குப்பைப்பை கட்டுகிற சாட்டில்
நானும் அண்ணாந்தேன்.

வெள்ளை.
குழந்தைப் பிள்ளையின் பல்லைப் போல வெள்ளை.

வா, வா என்று கூப்பிட்டேன் உள்ளுக்குள்.
ஒரு மயிரிழை மஞ்சள் கூட இல்லை.
மூன்று, என்று தட்டினாள்.
எலிவேற்றர் அன்றைக்கென்று உடனே வந்தது.

வியாழன் இரவு வந்தது கறை,
அவசரம் ஏதுமில்லாமல், பழைய இடத்துக்கே,
பழைய கொம்புகளோடு.

கீழே வாசலில் புள்ளித்தாள் ஒட்டியிருக்கிறது:
எண்பத்திரண்டு, பச்சை எழுத்தில்.
ராம்தீனுக்கு மேலிடம் பீற்சா வாங்கிக் கொடுத்ததாம்.
எனக்கும் ஒரு துண்டு எடுத்துவைத்திருந்தான்.
ஆறிப்போயிருந்தது, தின்றேன்.

ஹோதன் வாளியைத் திரும்ப வைத்தாள்.
"நீதானே அடித்தாய்?"
குரலில் கோபமில்லை.
என் நகக்கண்ணில் இன்னும் போகாத வெள்ளையை
ஒருமுறை பார்த்துவிட்டுக்
கதவைச் சாத்தினாள்.
தண்ணீர் கலந்த கதையைச் சொல்லியிருக்கலாம்.
சொன்னால் பாதி நியாயம்போல் இருந்திருக்கும்.
பதினெட்டு டொலர் வாங்கியது மற்றப் பாதி.

நகரசபைக்கு அடித்தேன்.
இருபத்தாறு நிமிடம் பியானோ.
பிறகு ஓர் ஆண்குரல்:
கறை எவ்வளவு காலமாய்?
இரண்டு வருசம்.
செவ்வாய்க்கிழமை அறிக்கையில் ஒன்றுமில்லையே?
இல்லை.
ஏனென்று தெரியுமா?

வாளிக்குள் ஒரு துளி விழுந்தது.
அடுத்ததற்காகக் காத்திருந்தேன், அதுவும் விழுந்தது.

தெரியும் என்றேன்.
முழுப்பெயர் கேட்டான்.
எழுத்தெழுத்தாகச் சொன்னேன்,
அவனுக்குப் பிடிபடும்வரை,
மூன்று தரம்.