எதிர்முக இருக்கை

நூற்று நாற்பது பேரும் போகும் திசை பார்த்து உட்கார்ந்திருக்க
நான் மட்டும் வந்த திசை பார்த்து உட்காருவேன்.
சுவரோடு மடங்கும் இருக்கை, தோளுக்கு இரண்டு பட்டை,
தொடைக்கு அடியில் உள்ளங்கைகள்.
பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

புவேர்ட்டோ மோன்டிலிருந்து பால்மசேடா
ஒன்றேகால் மணி நேரம்.
காபி கொடுத்து முடிப்பதற்குள் மலை வந்துவிடும்.
மலைக்கு அந்தப் பக்கம் காற்றின் சொந்த நிலம்.
அங்கே மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் நிற்கும்.

அன்று காபி கொடுத்து முடிக்கவில்லை.

முதல் குலுக்கலில் யாரும் தலை நிமிரவில்லை.
இரண்டாவதில் ஒரு குழந்தை சிரித்தது.
உட்காருங்கள் என்று விமானி சொன்னபோது
அவர் குரலில் மரியாதைச் சொற்கள் இல்லை.
நான் உட்கார்ந்துவிட்டேன்.
யானிரா வண்டியை நிறுத்தக் குனிந்தாள்.

அப்புறம் வந்தது குலுக்கல் அல்ல.
தரை போய்விட்டது.

விமானம் கீழே விழுகிறது என்கிறோம்.
உள்ளே இருப்பவர்களுக்கு
எல்லாம் மேலேதான் விழுகிறது.
பதினோரு கோப்பைக் காபி மேலே விழுந்தது.
ஒரு மூக்குக்கண்ணாடி,
ஊசியோடு பாதி பின்னிய கம்பளித் தொப்பி,
யாருடையதோ ஒற்றைச் செருப்பு.
பதினான்காம் வரிசையில் பெல்ட் போடாத எர்மோஹெனஸ்
கூரையைத் தலையால் தட்டிவிட்டு
உள்ளே ஆளில்லை போலும் என்று
தன் இருக்கைக்கே திரும்பினார்.

வண்டியும் எழுந்தது.
எழுந்தது இறங்கியபோது அதன் கீழே யானிராவின் கால்.
ஈரமில்லாத சுள்ளியை முழங்காலில் வைத்து ஒடிப்போமே
அந்தச் சத்தம்.

இரண்டு எட்டு தூரம்.
என் விரல் பட்டையின் பொத்தான்மேல் இருந்தது.
அழுத்தக்கூடாது என்பது விதி.
அழுத்தவில்லை.
விதியால்தான் அழுத்தவில்லை என்று
அறிக்கையில் எழுதினேன்.

நூற்று நாற்பது பேரும் என் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.
அவர்களுக்குத் தெரிகிற ஒரே கருவி அதுதான்.
உதட்டின் வலது ஓரத்தைக் கொஞ்சம் உயர்த்திவைத்தேன்,
நிரம்பிய வாளியைத் தளும்பாமல் பிடிப்பதுபோல.
மூன்றாம் வரிசையில் சால்மன் பண்ணையில் முக்குளிக்கும் பையன்
பக்கத்திலிருந்த நில அளவைக்கார அம்மாளின் மணிக்கட்டைப்
பிடித்திருந்தான்.
அவள் அவன் விரல்களை எண்ணுவதுபோல் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.
யாரோ மரியாள் பெயரைச் சொன்னார்கள்.
யாரோ ஒரு வசவைச் சொன்னார்கள்.
இரண்டும் ஒரே குரலில் இருந்தன.

எனக்குக் கடவுள் வரவில்லை. அம்மா வரவில்லை.
காலையில் சலவை இயந்திரத்தில் போட்டு
எடுக்க மறந்த துணிகள் வந்தன.
நான் செத்தால் யார் அந்த மூடியைத் திறப்பார்கள்,
அந்த நாற்றத்தை வைத்து என்னை என்ன நினைப்பார்கள்?
ஏழாயிரம் அடிக்கு மேலே
வெட்கப்பட்டேன்.

எத்தனை நிமிடம் என்று கேட்கிறார்கள்.
கூரையிலிருந்து காபி சொட்டி முடிக்கும் நேரம்.

சக்கரம் தரையைத் தொட்டதும் கைதட்டினார்கள்.
நெற்றியில் பனிக்கட்டிப் பையோடு எர்மோஹெனஸ்
தனக்கு இன்னும் காபி வரவில்லை என்று நினைவூட்டினார்.
பெட்டிகள் சுற்றிவரும் இடத்தில்
அந்தப் பையனும் அந்த அம்மாளும்
பட்டையின் எதிரெதிர்ப் பக்கம் நின்று
முன்பின் தெரியாதவர்களாக இருக்க மிகவும் பாடுபட்டார்கள்.

மறுநாள் வீட்டில் மூடியைத் திறந்தேன்.
நினைத்த அளவு மோசமில்லை.
இன்னொரு முறை ஓடவிட்டேன்.

இயந்திரம் சுழலத் தொடங்கி அதிர்ந்தபோது
சமையலறை மேசையைப் பிடித்துக்கொண்டேன்.
அப்போது யானிரா ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தாள்.
இரண்டு தகடு, ஏழு திருகாணி என்று சிரித்தாள்.
பிறகு,
ஒடிந்த சத்தம் உனக்குக் கேட்டதா என்றாள்.

இல்லை என்றேன்.

தொலைபேசியில் முகம் தெரியாது.
ஆனாலும்
உதட்டின் வலது ஓரத்தைக் கொஞ்சம்
உயர்த்திவைத்துக்கொண்டேன்.