555 புத்தகம்

லிஃப்ட் இன்றைக்கும் இரண்டாம் மாடியோடு சரி.
நடந்து ஏறினால் கதவில் நோட்டீஸ்,
மலாயில்.
குணவதியின் மகன் வாசித்தான்
வீட்டுப்பாடம் போல:
முப்பது நாளில் காலி செய்க.

கோல்ஃப் மைதானத்துக்காக லயத்தை இடித்தபோதும்
இதே முப்பதுதான்.

வாடகை நூற்றிருபத்து நாலு வெள்ளி.
கட்டவில்லை என்கிறது கணினி.
பந்திங் அலுவலக மேசையில்
மைலோ டின்னைக் கவிழ்த்தேன்.
பதினொரு வருட ரசீது,
அத்தனையும் வெளுத்து
வெறும் தாள்.
கையுறைத் தொழிற்சாலையில்
இரவெல்லாம் நின்றதற்கு
ஒரு எழுத்துகூட மிஞ்சவில்லை.

கீழ்வீட்டு லாரிக்காரர் பெரியண்ணன்
கால்சட்டைப் பையிலிருந்து எடுத்தார்
வியர்வையில் ஊறிய ஒரு 555 புத்தகம்.
கடன் குறிக்கிற புத்தகம்.
உள்ளே தேதி, வீட்டு எண், தொகை,
பணம் வாங்கியவன் கிறுக்கல்,
மாடி முழுவதற்கும்.
"நாந்தானே மா எல்லாருக்கும் கொண்டுபோய்க் கட்டுனது."

அதிகாரி எச்சில் தொட்டுப் புரட்டினார்.
பார்க்கலாம் என்றார்.

பார்க்கலாம் என்பது பதில் இல்லை.
தெரியும்.
இருந்தும் திரும்பும் வழியில்
ஆளுக்கொரு 555 வாங்கினோம்
தவுக்கே கடையில்,
கடனுக்கு.