மூன்றாம் தூண்

குறிப்பெழுதுகிறவளுக்குக் கருத்து கிடையாது.
பதினெட்டு வருடமாக நகரமன்றம்
எனக்குச் சம்பளம் தருவது அதற்குத்தான்.

பொருள்: ஆற்றுப்பாலத்தில் கனரக வண்டிகளுக்குத் தடை.
இடம்: பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம்,
மன்றத்தின் விறகடுப்பு புகைவதால்.
வந்திருந்தோர்: உறுப்பினர் பதினான்கு பேர்,
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த பாதி ஊர்.

குத்தாயிசியிலிருந்து வந்த பொறியாளர் நெஸ்தான்
மூன்றாம் தூணின் படத்தைக் காட்டினாள்.
விரிசலுக்குள் ஒரு பேனா,
மூடி வரைக்கும் போயிருந்தது.
பன்னிரண்டு டன்னுக்கு மேல் வேண்டாம் என்றாள்.
ஆறு நிமிடம். உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு ஊர் பேசியது.

மூன்று மர லாரிகள் வைத்திருக்கும் வஜா:
"அறுபது வருஷமா விழாதது
இந்த வருஷம் மட்டும் ஏன் விழணும்?"
(கைதட்டல்.)

தபால் நிலையத்து சியாலா:
"முதல்ல இந்தப் பொண்ணுக்கு நீச்சல் தெரியுமான்னு கேளுங்க.
ஆத்தைப் பத்திப் பேச வந்துட்டா."
(சிரிப்பு.)

"என் மச்சான் பல் டாக்டர்.
நேர்ல போய்ப் பார்த்தார்.
வெறும் மேல்பூச்சுதானாம்."

"இன்னைக்கு லாரி, நாளைக்கு வேன்,
அதுக்கடுத்து சவ வண்டி.
நம்ம பிணத்தை நாமே நீந்தி இழுத்துட்டுப் போகணும்."

போன முறை பாலத்தில் பலகை வைத்த வாரம்தான்
பேக்கரி மூடியது என்று ஒருவர் நினைவூட்டினார்.
பேக்கரிக்காரன் அந்த வாரம்
போலந்துக்காரியைக் கட்டிக்கொண்டு கிளம்பினான்.
எங்கள் மலையில் பனை கிடையாது.
காக்கை உட்கார, அக்ரூட் விழுந்தது.

தேநீருக்குள்
பாலத்தை இடிக்கப் போகிறார்கள் என்று ஆகியிருந்தது.
யாரும் கேட்காத இடிப்பை எதிர்த்து
ஏழு பேர் பேசினார்கள்; ஒருவர் அழுதார்.
வைக்கோலில் ஒரு நெஸ்தானைக் கட்டி நிறுத்தி
முறை வைத்து அடித்தார்கள்.
நிஜமானவள் சுவரோரம்
பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"கீழூர்ப் பாலத்துலயும்தான் விரிசல்.
அதைக் கேட்க யாருக்காவது துணிச்சல் உண்டா?"

தலைவர் நுக்ஸார் எழுந்தார்:
"ஊர் வேணுமா, தடை வேணுமா,
அதைச் சொல்லுங்க."
மூன்றாவதாக எதையும் எழுத
என் தாளில் இடம் இருந்தது.

"விழும்னு நிரூபிக்க முடியுமா?" என்றார் வஜா.
"விழுந்த பிறகு முடியும்" என்றாள் நெஸ்தான்.
மௌனத்துக்குச் சுருக்கெழுத்தில் குறி இல்லை.
அந்த ஒரு கணம் எதுவும் நடந்திருக்கலாம்.
ஆனால் அவள் நிறுத்தவில்லை:
"படிக்காத கூட்டத்திடம்
பேசி என்ன பிரயோஜனம்?"

அதையும் எழுதினேன்.
தூணுக்கும் படிப்புக்கும் என்ன முடிச்சு என்று
சியாலாவிடம் கேட்காத நான்
அவளிடம் மட்டும் எப்படிக் கேட்பது?
வஜா புன்னகைத்ததை எழுதவில்லை.

தடைக்கு ஐந்து, எதிராக ஒன்பது.
எழுதியவர்: லாமாரா.

என் வீடு அக்கரையில்.
பனி பெய்து நின்றிருந்தது.
பாதிப் பாலத்தில் பின்னாலிருந்து வெளிச்சம்,
வஜாவின் லாரி, மேலே ஈர பீச் மரங்கள்.
கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நின்றேன்.
பாதத்துக்கடியில் எதுவோ
தொண்டையைச் செருமிக்கொண்டது.
லாரி போய்விட்டது.
பாலம் நின்றது.

"பார்த்தியா" என்றது ஒரு குரல்.
வஜா போன பிறகும் கேட்டது.
எனக்குள்ளேதான்.
இனிமையாகக்கூட இருந்தது அது.

மீதித் தூரத்தை
நுனிக்காலில் நடந்தேன்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு,
அதனால் என் எடை குறையும் என்பதுபோல.