பதினான்கு பேர் வரவில்லை

பெல்லந்தூரில் எட்டாம் மாடி.
மதியம் ஒன்றரைக்கு எங்களுக்கு விடியும்,
ஸ்லோவாக்கியாவில் அலுவலகம் திறக்கும் நேரம்.
காப்பீட்டுக் கோப்புகளைத் துடைப்பது என் வேலை:
ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு,
ஊர்ப்பெயர் கட்டத்தில் தொலைபேசி எண்,
பிறப்பதற்கு முன்பே தவணை கட்டிய ஒருத்தி.

அந்தச் செவ்வாய், குடும்பப்பெயர் கட்டத்தில்
பதினான்கு வரிகளில் ஒரே சொல்.
மொழிபெயர்ப்புக் கருவியைக் கேட்டேன்.
‘வரவில்லை’ என்றது.
கையெழுத்துக்கு வராதவர்களை எவரோ
கட்டம் மாற்றி எழுதிவிட்டார் என்று
பதினான்கையும் வெட்டிக்
குறிப்புகள் பத்தியில் ஒட்டினேன்.
ஐந்து வரிகளில் ‘ஓவா’ என்றொரு வால் தொங்கியது.
தட்டச்சுப் பிழை.
அதையும் கத்தரித்துவிட்டு டீக்குப் போனேன்.

புதன்கிழமை கோஷிட்ஸேயிலிருந்து அழைப்பு.
மேலாளர் முத்தண்ணா முகம் வெளுத்து
ஹெட்போனை என்னிடம் நீட்டினார்.

“நான் ராடோவன் வரவில்லை பேசுகிறேன்.”

நெப்ரிஷியெல். பெயர்தான். முழுப் பெயர்தான்.
“நேற்று சாயங்காலம் முதல் எனக்குக் குடும்பமே இல்லை,
பல் பிடுங்கும் என் சித்தப்பாவுக்கும் இல்லை.
அக்காவின் வாலைக்கூட விடவில்லை நீங்கள்.”
சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.
சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

முந்நூறு வருடத்துக்கு முன்னால்
வரிக்கணக்கு எடுக்க வந்த ஒருவன்
வரிசையாகப் பெயர் கூப்பிட்டானாம்.
ஒரு பெயருக்குப் பதில் இல்லை.
கூட்டத்தில் யாரோ ‘வரல’ என்றார்கள்.
மை காய்வதற்குள் அதையே எழுதிக்கொண்டான்.
அந்த ஆள் ஆடு தேடிப் போனானா, வரிக்குப் பயந்தானா,
அதுவரை அவன் பெயர் என்ன,
வீட்டில் எவருக்கும் தெரியாது.
“கதைதான். சர்ச் பதிவேட்டில் அந்தப் பக்கம் எலி தின்றுவிட்டது.
ஒருவன் குறிப்பைப் பெயராக்கினான்,
நீங்கள் பெயரைக் குறிப்பாக்கினீர்கள்.
கணக்கு நேர்.”

எனக்கு அல்சூர்ப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது.
கோமளேஸ்வரி வராத நாளில்
மூக்கைப் பிடித்துக் குரலை மாற்றி
அவளுக்கும் சேர்த்து நான் சொன்ன ‘உள்ளேன் ஐயா’.
அங்கே ஒருத்தி, ஒரே ஒருத்தி
அன்றைக்கு மூக்கைப் பிடித்திருந்தால்
இந்தப் பதினான்கு பேருக்கும் வேறு பெயர்.

“உலகத்திலேயே நாங்கள் இவ்வளவுதான்” என்றார் ராடோவன்.
பெருமையா பயமா, பிடிபடவில்லை.
மூன்று ஊர், ஒரு டிராம் ஓட்டுநர்,
போன மாதம் பிறந்த ஒரு குழந்தை.
“உங்கள் தாண்டவராயன் வம்சத்தில் எத்தனை பேர்?”

அது அப்பா, என்றேன்.
பாஸ்போர்ட் கட்டம் காலியாக இருக்கக் கூடாதென்று
அவரை அங்கே உட்கார்த்தினோம்.
அவருக்குப் பின்னால் அவருடைய அப்பா இருந்தார்,
ஒற்றை எழுத்தாக, ஒரு புள்ளியோடு.
என் தம்பி மகனுக்குத் தம்பி பெயர்.
எங்களில் குடும்பப்பெயருக்கு
ஆயுசு ஒரு தலைமுறை.
நீங்கள் பதினான்கு பேர்.
நானும் தம்பியும் இரண்டு.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
விசைப்பலகைச் சத்தம்கூட இல்லை.

பதினான்கையும் திரும்ப ஒட்டினேன்,
ஐந்துக்கு வாலோடு.
குழந்தையின் வரியில் மட்டும் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

இரவு பத்தே முக்கால். சில்க் போர்டு.
பஸ் நகர்கிற மாதிரி நடித்துக்கொண்டிருக்கிறது.
செல்பேசியில் என் கடைசிப் பெயர் கூப்பிடுகிறது,
சாப்பாடு மூடி வைத்திருக்கிறதாம்,
வந்துவிட்டாயா என்கிறது.

இன்னும் வரலப்பா.